மூன்று இரவுக்கு மேல் நிற்கக் கூடாது

வேறு வழியில்லாமல் ஒருவர் செய்துகொண்டிருக்கும் காரியத்தை, அவர் விரும்பித்தான் செய்கிறார் என்று எப்போது சொல்லலாம்? பதினொரு வருடம் என் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு எழுந்த கேள்வி இது. விடை தேடித் தலையணை கனத்தில் பல புத்தகங்களைப் படித்தேன். அக்காவையே ஒருமுறை கேட்டும் பார்த்தேன். "முதல்ல அந்தக் கயித்து மேலேருந்து காலை எடு" என்றாள். உண்மைதான், அதன் மேல் நின்றுகொண்டுதான் கேட்டிருக்கிறேன்.

அக்காவுக்குப் பொய்ப்பல் செய்யும் வேலை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் ஈறு வார்த்து, பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, ராவித் தேய்த்துத் திருப்பி அனுப்புவாள். ஆட்களை அவள் பார்த்ததில்லை, வாயை மட்டும் தெரியும். "இந்த ஆள் ஒரே பக்கமா மெல்றான். வீட்டுல யாரு பேச்சையும் கேக்க மாட்டான்" என்பாள். பட்டறை ஏரிக்கரை ஊரில், துறைமுகத்துக்கு எதிர்ச்சந்தில் இருந்தது.

அவளுக்கு நாற்பத்தேழு வயதானபோது குடியிருந்த வீட்டை இடிக்கப் போவதாகச் சொன்னார்கள். வேறு வீடு பார்ப்பாள் என்று நினைத்தோம். ஒரு பிளம்பரிடமிருந்து பழைய படகை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். இருபதடி நீளம். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு. நிமிர்ந்து நிற்க முடியாது. அதைச் சொன்னபோது, "நிமிர்ந்து நின்னு இதுவரைக்கும் என்னத்தச் சாதிச்சேன்?" என்றாள்.

படகு வாங்கியவளுக்கு அதை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. ஏரியைச் சுற்றி ஐந்து துறைமுக ஊர்கள். எல்லாவற்றிலும் ஒரே சட்டம்: வெளிப்படகு மூன்று இரவுக்கு மேல் நிற்கக் கூடாது. நான்காம் நாள் காலையில் கயிற்றை அவிழ்த்தாக வேண்டும். நிரந்தர இடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். அக்கா தன் பட்டறை இருந்த ஊரில் பெயர் கொடுத்தாள். அவளுக்கு முன்னால் முப்பத்தொரு பேர்.

ஆகவே ஊர் ஊராகப் போனாள். ஓர் ஊரில் குழாய்த் தண்ணீர் துரு நாறும். இன்னோர் ஊரில் காவலாளியின் நாய்க்கு அவளைப் பிடிக்காது, பதினொரு வருடமும் பிடிக்கவில்லை. எங்கே நின்றாலும் அங்கிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வருவாள். அதிகத் தூரமென்றால் ஒன்றே முக்கால் மணி நேரம். குளிர்காலத்தில் படகைக் கரையேற்றிவிட்டு எங்கள் முன்னறைக்கு வந்துவிடுவாள். "அண்ணி, இங்க மூணு நாள் கணக்கெல்லாம் கிடையாது, நிம்மதியா இருங்க" என்பாள் என் மனைவி. அக்கா சிரிப்பாள். ஆனால் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைத்ததே இல்லை.

விடுமுறை நாட்களில் நானும் படகில் போவேன். நான் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. படகில் என்னால் என்ன உபயோகம் என்பதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வரைபடம் பிடித்தேன், காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. சமைத்தேன், அடுத்த ஊரில் இறங்கியதும் அக்கா ஓட்டலைத் தேடினாள். தண்ணீரின் அமைதியைப் பற்றி ஏதாவது சொல்ல வாயெடுத்தால் குமட்டல் முந்திக்கொண்டது. அக்கா எனக்கு வைத்த பெயர் 'தத்துவம்'. "தத்துவம், வாந்தின்னா அந்தப் பக்கமா எடு. காத்து இந்தப் பக்கம் அடிக்குது."

பன்னிரண்டாம் வருடம் பட்டியலில் அக்கா முதல் ஆளானாள். இரண்டு இடங்கள் காலியாகியிருந்தன. முதல் ஆள் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம், மற்றது இரண்டாம் ஆளுக்கு. ஒரே நிபந்தனை: குறித்த நாளில், பன்னிரண்டு மணிக்குப் பெயரைக் கூப்பிடும்போது, ஆளும் இருக்க வேண்டும், படகும் துறைக்குள் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. முழங்கால் இரண்டும் மடங்க யோசித்தன. இன்னொரு பதினொரு வருடம் அவள் தாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அந்த நாளுக்காகக் குளிர்காலம் முழுவதும் ஒரு முடிச்சுப் பழகினேன். நாற்காலிக் காலில் போட்டுப் போட்டு அவிழ்த்தேன். சில சமயம் அவிழவில்லை, அந்த நாற்காலி ஜன்னல் கம்பியோடேயே இருந்தது. அன்று காலை பக்கத்து ஊரிலிருந்து கிளம்பும்போது, கயிறு அலங்கோலமாகக் கிடந்ததைப் பார்த்து, படகிலிருந்து அவிழ்த்து, அழகாகச் சுருட்டி வைத்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்குபடுத்திய பொருட்களில் அது முக்கியமானது.

பதினொன்றே முக்காலுக்குத் துறைக்குள் நுழைந்தோம். பக்கவாட்டில் காற்று. நான் கயிற்றோடு கரைக்குத் தாவினேன். வழுக்கவில்லை. இரும்பு வளையத்தில் முடிச்சைப் போட்டேன். படத்தில் இருந்தது போலவே வந்தது.

"கட்டியாச்சுக்கா!"

அக்கா எஞ்சினை அணைத்தாள். நான் முடிச்சை ரசித்துக்கொண்டிருந்தேன்.

"தத்துவம், அந்த முனையக் கட்டிட்ட. இந்த முனை?"

இந்த முனை என் காலடியில், காலையில் நான் சுருட்டிய அழகு குலையாமல் கிடந்தது. படகு அதற்குள் பத்தடி தள்ளிப் போயிருந்தது. அக்கா எஞ்சின் கயிற்றை இழுத்தாள். சூடாக இருக்கும்போது அணைத்தால் அந்த எஞ்சின் கால் மணி நேரம் பிடிவாதம் பிடிக்கும். இழுத்தாள், இருமியது, நின்றது. காற்று அவளைக் குறுக்காகத் துறையின் நடுவே தள்ளிக்கொண்டு போனது.

எதிர்ப்புறம் பட்டியலின் இரண்டாம் ஆள் தன் படகில் நின்றிருந்தார். துறைமுகத் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், எனக்கும் அவரிடம்தான். அக்கா வராவிட்டால் முதலில் எடுக்கும் உரிமை அவருக்கு. பாவம், நல்ல மனிதர், சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். அக்காவின் படகு நேராகத் தன் படகை நோக்கித்தான் வருகிறது என்பது கொஞ்சம் தாமதமாக உறைத்தது.

"அக்கா! அக்கா, திருப்புங்க! போன வாரம்தான் பெயின்ட் அடிச்சேன்!"

"எதை வச்சுத் திருப்ப? பல்ல வச்சா?"

கொக்கிக் கம்பை எடுத்தார். மணியைப் பார்த்தார். பெயின்டைப் பார்த்தார்.

"என்ன யோசனை? தள்ளி விட்டா நான் மறுபடி ஏரிக்குப் போயிடுவேன், இடம் உங்களுக்கு" என்றாள் அக்கா.

"கொஞ்சம் வாய மூடுறீங்களா, மனுஷன் யோசிக்கணும்ல!"

தள்ளினால் ஒரு காற்றில் திரும்பி வந்து இடிப்பாள். அது அவருக்கும் தெரியும். ஒரு கெட்ட வார்த்தையைப் பாதியில் விழுங்கிவிட்டு, கம்பால் இழுத்து, தன் கயிற்றை எடுத்து, அக்காவின் படகைத் தன் படகோடு கட்டினார். நான் கரையில் என் முடிச்சோடு நின்றேன்.

துறை அலுவலகத்து அம்மா பட்டியலோடு வந்தார். முதல் பெயரைக் கூப்பிட்டார். அக்கா கையைத் தூக்கினாள்.

"மேடம், அது என் படகுல இல்ல கட்டியிருக்கு!" என்றார் முடிதிருத்துபவர்.

"துறைக்குள்ள கட்டியிருக்கணும்னுதான் சட்டம். எதுல கட்டணும்னு இல்ல. கட்டினது யாரு?"

அவர் கொக்கிக் கம்பைக் கீழே வைத்தார்.

துறையின் வரைபடத்தை அந்த அம்மா ஒரு பெட்டியின் மேல் விரித்தார். ஆறாம் எண்: உள்பக்கம், சுவர் மறைப்பில், பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய், பட்டறைக்கு இரண்டு நிமிட நடை. நாற்பதாம் எண்: அலைதடுப்புச் சுவரின் கடைசி, கப்பல் போகும்போதெல்லாம் படகு தூக்கிப் போடும், குழாய் கிடையாது, ஊருக்குள் வர அந்தச் சுவர் முழுக்க நடக்க வேண்டும். அதை இதுவரை யாரும் விரும்பிக் கேட்டதில்லை. முடிதிருத்துபவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்பது" என்றாள் அக்கா.

"ஆறுதானே சொல்றீங்க?"

"நாற்பது."

"அம்மா, அது வெளிய இருக்கு. அலை அடிக்கும்."

"தெரியும். பேனா குடுங்க."

மூன்று வருடமாகிறது. என் மனைவிக்கு ஒரு காரணம் தோன்றுகிறது, முடிதிருத்துபவருக்கு வேறொன்று. முடி வெட்டும்போதெல்லாம் அதைப் பற்றி என்னிடம் பேசுகிறார். என்னிடம் நான்கு இருக்கின்றன, நான்கும் ஒன்றையொன்று மறுக்கின்றன. போன மாதம் அக்காவிடம் நேராகவே கேட்டேன். அச்சில் மெழுகு ஊற்றிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "வெளிச்சத்த மறைக்காதே" என்றாள். நகர்ந்துகொண்டேன்.