தீர்வு இல்லை என்று எழுதியவள்

போத்தனூர்ப் பள்ளியில் அக்ஷயா டீச்சருக்குக் கெட்டிக்காரி என்று பேர். ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு சமன்பாடுகளைத் தீர்க்கச் சொல்லித் தருவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு வழக்கம் மட்டும் மற்ற ஆசிரியர்களுக்குப் பிடிபடாது. ஒவ்வொரு பரீட்சையிலும் விடையே இல்லாத கணக்கு ஒன்றை வைப்பாள். ‘தீர்வு இல்லை’ என்று எழுதிய பிள்ளையை எழுப்பி நிறுத்தி, வகுப்பைக் கைதட்டச் சொல்வாள். பெருந்தன்மையாம்! குற்ற உணர்ச்சி அப்படி வேஷம் கட்டிக்கொண்டு அலைகிறது.

அவள் ஒன்பதாவது படித்தது அவிநாசியில். லட்சுமிநாராயணன் சார் ‘முக்கியமானது’ என்று பத்துக் கணக்குகளைப் போட்டுக் காட்டுவார். பரீட்சையிலும் அவைதான் வரும். பிள்ளைகள் யோசிப்பதில்லை, மனப்பாடமாக எழுதித் தள்ளுவார்கள். ஒருமுறை வினாத்தாளில் கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி விழுந்துவிட்டது: 2x + 3y = 12, 4x + 6y = 0. முதலாவதை இரட்டித்தால் 4x + 6y என்பது 24. இரண்டாவதோ அதையே பூஜ்யம் என்கிறது. எந்த எண்ணைப் போட்டாலும் ஒத்துவராது.

அக்ஷயா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தும், ஐந்து மதிப்பெண் போய்விடுமே என்று x = 3, y = 2 என்ற மனப்பாட விடையையே எழுதிவைத்தாள். மற்றவர்களும் அதைத்தான் எழுதினார்கள், குறியைக் கவனிக்காமல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிருபா ஒருத்திதான் தாளில் இருந்த கணக்கைப் போட்டு, 24 = 0 என்று வருவதைக் காட்டி, ‘தீர்வு இல்லை’ என்று எழுதினாள்.

“இருபத்துநாலும் சைபரும் ஒண்ணா, அம்மணி? இதென்ன உங்க ஊட்டுக் கணக்கா?” என்று விடைத்தாள் கொடுக்கும்போது சார் கேட்டதும் வகுப்பே குலுங்கிச் சிரித்தது. “அக்ஷயா போட்டதப் பாத்துப் பத்துத் தடவ எழுதிட்டு வா.”

அக்ஷயா தன் விடைத்தாளை எடுத்து நீட்டினாள். மறுநாள் கிருபா பத்துத் தடவை எழுதிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு கணக்கு வகுப்பில் அவள் கை தூக்கவேயில்லை. பதினொன்றாவதில் கணக்குப் பிரிவின் பக்கமே போகாமல் நர்சிங் பிரிவில் சேர்ந்துகொண்டாள்.

போன மாதம் போத்தனூர்ப் பள்ளிக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸ் அதே கிருபாதான். இன்று விட்டால் இனி எந்த நாளும் சொல்லப் போவதில்லை என்று அக்ஷயாவுக்குத் தெரியும். கடைசிப் பிள்ளை ஊசி போட்டுக்கொண்டு போகும்வரை காத்திருந்தாள்.

“என்னையத் தெரியுதா, கிருபா?”

“தெரியாமங்களா, டீச்சர்.”

ஒரே பெஞ்சில் ‘புள்ள’ என்று கூப்பிட்டவள் ‘டீச்சர்’ என்றது சுருக்கென்றது. அக்ஷயா எல்லாவற்றையும் கொட்டினாள். “அந்தக் கணக்கு தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும் புள்ள. சொல்லியிருக்கோணும். பயந்துபோட்டேன். நீ எழுதுனதுதான் சரி.”

கிருபா பஞ்சு டப்பாவை மூடினாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அக்ஷயாவுக்குத் தோன்றியது.

“சரின்னு எனக்கும் தெரியுமுங்க. சாருக்குத் தெரியாது, சிரிச்சவங்களுக்கும் தெரியாது. அவங்க மேல எனக்கு ஒண்ணுமில்லீங்க. நீங்க ஒருத்தருதான் சிரிக்கல. அதப் பாத்துத்தான் உங்களுக்குத் தெரியும்னு எனக்கு வெளங்குச்சு. பத்தாவது தடவ எழுதி முடிக்கற வரைக்கும், நீங்க சொல்லிப்போடுவீங்கன்னே இருந்தேனுங்க.”