மூன்று கிழமைச் சூடை மீன்

வயிறு வெடித்து, குடல் வெளியே வந்து, கண் சிவந்து கிடக்கும் சூடை மீன் எப்படி நாறும் என்று எனக்குத் தெரியும். மூன்று கிழமையாக அதைத்தான் கழுவிக்கொண்டிருந்தேன். உப்புப் போட்டுக் கழுவி, தேசிக்காய் தேய்த்து, கொறுக்காய்ப் புளியை இரட்டிப்பாகப் போட்டாலும் ஆணம் கொதிக்கும்போது அந்த நாற்றம் குசினி முழுக்க எழும்பும். சீ, எழுதும்போதே குமட்டுகிறது.

என் கணவருக்குச் சீனி வருத்தம். போன வருசம் வலது காலில் சின்ன விரலை எடுத்துவிட்டார்கள். பக்கத்து விரலிலும் புண் வந்தபோது கிளினிக் டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார், சாப்பாட்டைத் திருத்தாவிட்டால் அதுவும் போகும் என்று. அன்றைக்கே பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கிழமைச் சாப்பாட்டை எழுதிச் சுவரில் ஒட்டினேன். காலையில் குரக்கன் பிட்டு. பகலுக்குச் சிவப்பரிசிச் சோறு ஓர் அகப்பை, பொன்னாங்காணிச் சுண்டல், சூடை ஆணம். விலைவாசி ஏறிக்கிடக்கிற காலத்தில் எங்கள் கைக்கு எட்டுகிற நல்ல மீன் சூடைதான்.

ஆனால் சந்தைக்குப் போவது அவர். எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பார். வீடு பெண்ணுடையது, சந்தைப் பை ஆணுடையது. அந்தப் பையைப் பார்த்துத்தான் ஊர் ஆளை எடைபோடும். பாரை மீனின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெரிய மனிசர்.

"சின்ன மீனெண்டா இப்பிடித்தான் மணக்கும் புள்ள" என்று இரண்டு வாய்ச் சோற்றோடு எழும்பிவிடுவார். நான் என் கைப்பக்குவத்தை நொந்துகொள்வேன்.

கிளினிக் நாளன்று அவர் வெள்ளெனப் போய்விட்டார். அவர் வழக்கமாக வாங்கும் மீன்காரர் மோட்டார் சைக்கிளைக் கேற்றடியில் நிறுத்தி ஒரு பையை நீட்டினார். என் கணவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

"ராத்தா, காக்கா இண்டைக்கு மார்க்கட் பக்கம் வரல்ல. பூனைக்கு எடுத்து வெச்ச சூடை கிடந்திச்சி. போற வழிதானே, கொண்டு வந்தன்."

"எந்தப் பூனைக்கு?"

"உங்கட பூனைக்குத்தான். காக்கா எப்பவும் பூனைக்கெண்டுதான் கேப்பாரு. பூனைதானேண்டு நானும் கழிவாப் பாத்துப் போடுவன்."

எங்கள் வீட்டில் பூனை இல்லை. பையை இரண்டு விரலால் பிடித்து வாங்கினேன். அவர் போனதும் கழிவுநீர்க் கான் ஓரத்தில் குந்தி, காலையில் குடித்த தேத்தண்ணியையும் சேர்த்து வாந்தி எடுத்தேன். அதே ஆணத்தை நானும்தானே தின்றிருக்கிறேன்.

பகல் அவர் முகம் செத்து வந்தார்.

"சீனி இன்னும் கூடித்தானாம். ஒரு மாசம் பாப்பமாம். குறையாட்டி அந்த விரலையும் எடுக்கிறயாம்."

"பூனை எங்க?" என்றேன்.

"நாலு பேர் நிக்கிற இடத்தில, எனக்குச் சூடை தாங்கெண்டு எப்பிடிப் புள்ள கேக்கிற?"

மிச்ச உண்மையும் வெளியே வந்தது. வீட்டு ஆணம் நாறுகிறது என்று ஒவ்வொரு நாளும் ஹோட்டலில் கொத்து ரொட்டி தின்றிருக்கிறார். எனக்கு வந்தது கோபமில்லை, அருவருப்பு. மீனை விட அந்த மனிசர் நாறினார். கால் விரல் போனாலும் தாங்குவாராம், கையில் சூடைப் பை தொங்கினால் தாங்கமாட்டாராம்.

மறுநாள் விடிய அபாயாவைப் போட்டுக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு மார்க்கட்டுக்குப் போனேன். ஆண்கள் விலகி நின்று பார்த்தார்கள். மீன்காரர் எங்களைக் கண்டதும் கேட்காமலே கழிவு மீன் கிடந்த ஓரத்துக் கூடைக்குள் கையை விட்டார்.

நான் சந்தைப் பையை என் கணவரின் கையில் கொடுத்தேன். "கேளுங்க" என்றேன்.

அவர் பையை விரித்துப் பிடித்தார். "சூடை ஒரு கிலோ" என்றார். பிறகு சத்தம் குறைந்து, "எனக்குத்தான்" என்றார்.

மீன்காரர் ஓரத்துக் கூடையிலிருந்து கையை எடுத்து, கழுவி, முன்னால் இருந்த கூடைக்குள் விட்டார்.