முளைப்பாரிக்கு விதை போடும் முன்

போன வருடம் ஆடி மாதம், உத்தரகோசமங்கைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் முளைப்பாரிக்கு விதை போட இருந்த செவ்வாய்க்கிழமை அது. ராமநாதபுரத்தில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் நான், காலைப் பேருந்தில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலோர இடம் கிடைத்தும் நிம்மதியில்லை. பையை மடியில் வைப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தேன்.

அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் இயேசுவை நம்ப ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊரில் கல்யாணமாகாத பெண்கள் விரதமிருந்து, முளைத்த பாரியைத் தலையில் சுமந்து, அம்மன் கோவிலைச் சுற்றி ஊருணிக்குக் கொண்டுபோய்க் கரைப்பார்கள். பள்ளிக்கூட நாட்களிலிருந்து எங்கள் வீட்டுப் பாரி என் தலையில்தான். மனசு வேறிடத்தில் இருக்க அதைச் சுமந்தால், அம்மனை நம்பும் வீட்டாரையும் ஏமாற்றுகிறேன், என் ஆண்டவரையும் ஏமாற்றுகிறேன். விதை விழுந்துவிட்டால் பாதியில் விலகக் கூடாது. அதற்கு முன் சொல்லியாக வேண்டும்.

மெஷினை ஓட்டும் முன் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது என் வேலை. அதே பழக்கத்தில், சொல்ல வேண்டியதையும் மனசுக்குள் வரிசைப்படுத்தியிருந்தேன். முதலில் என் வேலைப் பயம், அடுத்து என்னிடம் சிகிச்சைக்கு வந்த காரங்காட்டு அக்கா, பிறகு ஜெபம், கடைசியில் பாரி. அய்யா கோபப்பட்டால் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுகூட முடிவாகியிருந்தது.

அய்யா வீட்டு முற்றத்தில் என் பாரிக்காகக் கரம்பை மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியாத்தா? மொச்சை நல்ல மொச்சையா பாத்து வாங்கியாந்துருக்கேன். போன தடவ ஒன் சித்தி மக பாரி ஒசந்துருச்சுல்ல, இந்தத் தடவ பாரு!"

வரிசையெல்லாம் கலைந்துபோனது. கடைசியில் இருந்ததுதான் முதலில் வந்தது.

"அய்யா, நான் பாரி தூக்கலய்யா. நான் இயேசுவக் கும்புடுறேன்."

சல்லடை நின்றது. "அங்கன எவனையும் பாத்துட்டியா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லய்யா."

பிறகு முன்னும் பின்னுமாகச் சொன்னேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து, என் கையால் ஓர் உயிர் போய்விடுமோ என்ற பயத்தில் தூக்கத்திலும் எனக்கு மெஷின் அலாரம் கேட்டது. காரங்காட்டிலிருந்து மீனவக் குடும்பத்து அக்கா ஒருவர் டயாலிசிஸுக்கு வருவார். ஊசி போடும் முன் முணுமுணுவென்று ஜெபம் செய்வார். தனக்காக என்று நினைத்திருந்தேன். ஒருநாள் காதில் விழுந்தது: "ஆண்டவரே, இந்தப் புள்ள ரொம்பப் பயப்படுது. அது மனசுக்கு அமைதி குடும்." அத்தனை வலியிலும் அவர் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆண்டவர் யாரென்று நானாகத்தான் தேடிப் போனேன். அக்கா இப்போது இல்லை. என் பயமும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் அதை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

அய்யா நிமிரவே இல்லை. "அந்தப் பயத்த எங்கிட்ட ஒரு நாளாச்சும் சொன்னியாத்தா?"

அய்யா எழுந்தார். மொச்சையையும் மண்ணையும் எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்கு நடந்தார். அதன்பின் என்னோடு பேசவில்லை.

"பாரி கரைக்கிற அன்னைக்கு நீ வராத" என்று அம்மா போனில் சொன்னார். ஆனாலும் அன்று இருப்புக்கொள்ளாமல் ஊருக்குப் போய், ஊருணிக்கரையில் ஓரமாக நின்றேன். குலவைச் சத்தத்துக்கு நடுவே பக்கத்து வீட்டுப் பெரியப்பா அய்யாவைக் கேட்டார்.

"என்னப்பா, ஒம் மக தூக்கலயா? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் மறைந்துவிடும்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல," என்றார் அய்யா. "அது வேதத்துல சேந்துருச்சு."

"அடடே, அப்ப நீயும் மீச நரச்சப்புறம் பைபிளத் தூக்கிக்கிட்டு வருவேன்னு சொல்லு!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நா எங்கயும் போகல. எங்க ஆத்தா இங்கனதான் இருக்கா. எம் மக அவ முன்னால பொய்யா வந்து நிக்கல, அம்புட்டுத்தான்."

என்னைப் பார்க்காமலே தண்ணீரை நோக்கி இறங்கிப் போனார்.

இப்போது பேசுகிறார். சர்ச் பற்றி மட்டும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல்தான் போன் வரும். நான் என் நம்பிக்கையை என்மேல் பாசம் வைத்த ஒருவரிடம் சொன்னேன், அவரோ தனக்கில்லாத ஒரு நம்பிக்கைக்காக ஊர் முன்னால் வாய் திறந்தார். என் நம்பிக்கையைச் சாட்சியாகச் சொல்ல நா தயங்கும்போதெல்லாம், சிரிப்புக்கு நடுவே ஊருணிக்கரையில் நிமிர்ந்து நின்ற அய்யாவின் முதுகுதான் என் கண்முன் வருகிறது.