அம்மாவின் குரல் போகாத நான்கு வெள்ளிக்கிழமைகள்

எனக்கு மனு எழுத வரும். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக் கூரைத் தகரம் காற்றில் பறந்தாலும், குடம் பிடிக்கிற பீலியில் தண்ணீர் நின்றுபோனாலும், தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கொடுக்கிற கடிதத்தை நான்தான் எழுதுவேன். எட்டாம் வகுப்பில் தொடங்கிய வேலை. 'மதிப்புக்குரிய துரை அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன நோய், எத்தனை வருடமாக இந்தத் தோட்டத்தில் வேலை என்றெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில்தான் தகரத்துக்கு வருவோம். அதை ஆபீஸ் ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். மறுபடியும் போய்க் கேட்கக் கூடாது. கேட்டால் கணக்கப்பிள்ளை, "மனுதான் குடுத்தாச்சுல்ல, கூப்புடுவாங்க, போ" என்று விரட்டுவார். விரட்டியதோடு விடாமல் நம் மனுவை எடுத்து அடியிலும் வைத்துவிடுவார். அதனால் கொடுத்தோமா, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோமா என்று இருக்கப் பழகியிருந்தோம்.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் இணையத்துக்குள் போனேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பதுளை டவுனில் ஒரு மாடியறையில் இருந்த கணினி வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். ஒரே மாதிரியான ஆறு பழைய கணினிகள். அவற்றில் காசு கொடுத்து வாங்காத, உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதிச் சும்மா தருகிற ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை நான் ஏற்றியிருந்தேன். எனக்கு அதில் ஒரே பெருமை. வைரஸ் வராது, யாரிடமும் கைநீட்ட வேண்டாம், உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நெட் கடை வைத்திருந்தவனோடு இதற்காகவே வாரத்துக்கு ஒருமுறை சண்டை பிடிப்பேன். "சும்மா கெடைக்கிறது சும்மாத்தான் இருக்கும்" என்பான் அவன். நான் அவனைப் படிக்காதவன் என்பேன்.

அக்கா அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். போய் இரண்டு வருடத்துக்கு மேல். அந்த வீட்டில் தொலைபேசியைத் தொட விடமாட்டார்கள். கடிதம்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அக்காவின் கடிதத்தை நான் வாசிப்பேன், அம்மா சொல்வதை நான் எழுதுவேன். அம்மா சொல்வதை அப்படியே எழுதினேன் என்றால் அது பொய். மனு எழுதிய கை அல்லவா, அழகுபடுத்தாமல் விடாது. "இங்க மழ, தும்மலா இருக்கு, நீ எப்புடி இருக்க" என்று அம்மா சொன்னால், 'இங்கு அடைமழைக் காலம். உன் நினைவாகவே இருக்கிறோம்' என்று எழுதுவேன். ஒருநாள் அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நான் சொன்னது ரெண்டு பேச்சுதான். நீ பக்கத்த ரொப்பிட்ட. எது நான் சொன்னது, எது நீ சொன்னதுன்னு அவளுக்கு எப்புடிடா தெரியும்?" என்றாள். பிறகு மெதுவாக, "அவகிட்ட நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அதக் கடுதாசில போட முடியாது" என்றாள்.

என்னவென்று கேட்டேன். அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

கொஞ்ச நாளில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் வகுப்பின் முகவரியை முன்பே ஒரு கடிதத்தில் அக்காவுக்கு எழுதியிருந்தேன். அனுப்பியது அந்த வீட்டு மேடத்தின் மகள். அவள் படிப்பதற்காக வெளிநாடு போகிறாள், போவதற்கு முன் நான்கு வெள்ளிக்கிழமைகள் இருக்கின்றன, வெள்ளி மத்தியானம் வீட்டார் எல்லாரும் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அந்த நேரம் தன் கணினியில் அக்காவை உங்களோடு பேச வைக்கிறேன் என்று எழுதியிருந்தாள். போகும்போது கணினியும் அவளோடு போய்விடும். முகம் தெரியாத அந்தப் பெண்ணை இன்றைக்கும் நான் நன்றியோடு நினைக்கிறேன்.

முதல் வெள்ளிக்கிழமை அம்மா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மத்தியானம் வரை கொழுந்தெடுத்து, அரை நாள் கூலியான அரைப் பேரோடு மலையிலிருந்து இறங்கி, சேலை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். திரையில் அக்கா வந்தாள். படம் விட்டுவிட்டுத்தான் வந்தது. ஒரு படத்தில் கண் மூடியிருக்கும், அடுத்ததில் திறந்திருக்கும். ஆனால் குரல் நன்றாகக் கேட்டது. "அம்மா" என்றாள். அம்மாவுக்கு உடனே அழுகை வந்துவிட்டது. அழுதபடியே பேசத் தொடங்கினாள்.

"அம்மா, ஒண்ணும் கேக்கலையே" என்றாள் அக்கா.

கமராவைச் சோதித்திருந்தேன், ஹெட்போனைச் சோதித்திருந்தேன். மைக்கைச் சோதிக்கவே இல்லை. வகுப்பில் யாரும் மைக்கில் பேசியது கிடையாது. கம்பியைக் கழற்றி மாட்டினேன், வேறு கணினிக்கு ஓடினேன், பசாருக்கு ஓடிப் புது மைக் வாங்கி வந்தேன். ஆறிலும் அதே கதை. அக்கா பேசியது எல்லாம் இங்கே வந்தது, அம்மா பேசியது எதுவும் அங்கே போகவில்லை. கடைசியில் நான் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பினேன். அம்மா சொல்லச் சொல்ல மறுபடியும் நான்தான் எழுதினேன். அக்கா அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள். நேரம் முடிந்துவிட்டது.

"அடுத்த வாரம் சரியாயிரும்மா" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. உலகம் பூராவும் சேர்ந்து செய்த சாமான், கேட்டால் சொல்லமாட்டார்களா?

முதலில் கையேட்டைத் தேடினேன். ஒலி என்ற தலைப்பு இருந்தது. உள்ளே போனால், 'இந்தப் பகுதி இன்னும் எழுதப்படவில்லை, நீங்களே எழுதி உதவலாம்' என்று இருந்தது. தெரியாமல்தானே ஐயா வந்திருக்கிறேன், நான் எதை எழுதி உதவுவது? இன்னொரு பக்கம் மூன்று பதிப்புக்கு முந்தியது. அது காட்டிய பொத்தான்கள் எதுவும் என் திரையில் இல்லை. பிறகு ஒருவனைக் கண்டேன். அவனுக்கும் இதே கணினி, இதே ஒலி அட்டை, இதே வியாதி. இணையத்தில் இருந்த உதவி மன்றத்தில் இரண்டு வருடத்துக்கு முன் கேட்டிருக்கிறான். கீழே இறக்கிப் பார்த்தால், அவனே பதில் போட்டிருந்தான்: 'பரவாயில்லை, கண்டுபிடித்துவிட்டேன், நன்றி.'

எதைக் கண்டுபிடித்தாய், படுபாவி? அதை இன்னும் ஒரு வரி எழுதினால் உன் கை தேய்ந்தா போகும்? அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. எந்த ஊர்க்காரனோ, இன்றைக்கும் அவன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

ஆகவே நானும் மன்றத்தில் எழுதினேன். இங்கேதான் என் மனுக்கை வேலை செய்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மதிப்புக்குரிய ஐயாமாரே என்று தொடங்கி, என் தாயார் இன்ன தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார், தகப்பனார் காலமாகிவிட்டார், தமக்கை அந்நிய நாட்டில், தாயின் குரலைக் கேட்டு இரண்டு வருடமாகிறது, தங்கள் மேலான உதவியை எதிர்பார்க்கிறோம் என்று ஒரு முழுப் பக்கம். ஒலி அட்டையின் பெயர் மட்டும் அதில் இல்லை.

இரண்டாம் நாள் ஒரு பதில் வந்தது. 'இவ்வளவையும் யார் வாசிப்பது? எந்த அட்டை? எந்தப் பதிப்பு?' அவ்வளவுதான். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் ஆபீஸிலிருந்து கேட்டுவிட்டார்கள் என்றால் வேலை நடக்கப்போகிறது என்றுதான் எங்கள் ஊர்க் கணக்கு. உடனே எல்லா விவரமும் எழுதி, நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்பும் கேட்டு அனுப்பினேன். பிறகு காத்திருந்தேன்.

மறுபடி கேட்கவில்லை. தினமும் காலையில் வகுப்பைத் திறந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன். முகம் தெரியாத அந்த ஆட்களில் ஒருவர், ஒரே ஒருவர், வந்து 'தம்பி, இதைச் செய்து பார்' என்று சொல்லமாட்டாரா என்று நான் ஏங்கிய ஏக்கத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரிந்தவர்களாகவே நினைத்திருந்தேன். அவர்கள் செய்ததில்தானே நான் பிழைக்கிறேன்? அங்கே கேள்வி கேட்பவர்கள் நாளுக்கு நாலு தடவை 'யாராவது இருக்கிறீர்களா' என்று தட்டித்தட்டித் தங்கள் கேள்வியை மேலே கொண்டுவருவதைப் பார்த்தேன். கொஞ்சமும் மரியாதை தெரியாத ஆட்கள் என்று நினைத்தேன். அவர்களுக்கு எல்லாம் பதில் கிடைத்தது. என் மனு ஒவ்வொரு பக்கமாகக் கீழே போய்க்கொண்டிருந்தது.

மாஸ்டரிடம் பொருமினேன். "தம்பி, அவையள் சும்மா செய்யிற ஆக்கள். உமக்குப் பதில் சொல்லச் சம்பளமே வாங்கினம்? குறை சொல்லாதையும்" என்றார். அது நியாயம்தான், அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. சும்மா கிடைத்ததற்கு நன்றி சொல்ல எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கதவைத் திறந்துபோட்டு எல்லாரும் வாருங்கள் என்கிறார்கள், உள்ளே போனால் விளக்கு எங்கே என்று சொல்ல ஆளில்லை. என் கோபம் அதுதான்.

இரண்டாம் வெள்ளி போனது. மூன்றாம் வெள்ளியும் போனது. அன்று பஸ்ஸுக்குப் போகிற வழியில் அம்மா அந்த நெட் கடைக்கு முன்னால் நின்றாள்.

"இங்கன கேட்டுப் பாப்பமாடா?"

"இவன்கிட்டயா? வேணாம்மா. நான் சரி பண்ணிருவேன்."

"இல்ல, ஒரு வாரம்தான் இருக்கு..."

"சொன்னா கேளும்மா!" என்று கத்திவிட்டேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா பஸ்ஸை நோக்கி நடக்கத் தொடங்கினாள். என் மகன் கம்ப்யூட்டர் வாத்தியார் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள், அந்தக் கடைக்காரன் முன்னால் என்னைக் குறைக்க விரும்பியிருக்கமாட்டாள்.

நான்காம் வெள்ளிக்கிழமை அம்மா வேலைக்கே போகவில்லை. மூன்று மணிக்கு வர வேண்டியவள் இரண்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். அக்கா திரையில் வந்தாள். வழக்கம்போல, "கேக்கலம்மா" என்றாள். பிறகு, "பரவால்லம்மா, நீ பேசு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

அம்மா மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, அதே திரையின் மூலையில் கணினியின் ஒலி அமைப்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இதுவாக இருக்கலாம், இல்லை இதுவாக இருக்கலாம். இந்த நிமிடம் சரியாகிவிட்டால் மிச்சமாவது போய்ச் சேருமே என்ற பதைப்பு. அம்மா நிறுத்தாமல் பேசினாள். ஒருமுறை சிரித்தாள் என்று ஞாபகம். தட்டச்சுப் பண்ணச் சொல்லவே இல்லை. இருபது நிமிடம் இருக்கும். அக்கா கையைக் காட்டினாள், படம் நின்றது.

பத்து நாள் கழித்து விடை கிடைத்தது. வேறு யாரோ வேறு எதையோ கேட்டதற்கு, வேறொருவர் போகிற போக்கில் சொல்லியிருந்த பதிலில் அது கிடந்தது. ஒலிக் கட்டுப்பாட்டில் மறைந்திருக்கும் ஒரு பக்கத்துக்குப் போய், மைக் என்ற வரிசையில் நின்று, ஸ்பேஸ் கட்டையை ஒரு தடவை தட்ட வேண்டும். தட்டினேன். மைக்கில் ஊதினேன். என் மூச்சு ஹெட்போனில் கேட்டது. ஆளில்லாத அறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மன்றத்தில் என் கேள்வி அதற்குள், யாரும் பதில் எழுத முடியாதபடி, பூட்டப்பட்டிருந்தது. புதிதாக ஒன்று திறந்து, கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் விளங்கும்படி படிப்படியாக எல்லாவற்றையும் எழுதிவைத்தேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், "அம்மா, அக்காகிட்ட என்னமோ பேசுனியே, அத எங்கிட்ட சொல்லு, ரெக்கோட் பண்ணி அனுப்புறேன்" என்றேன்.

"அவகிட்ட சொன்னத உங்கிட்ட எதுக்குடா சொல்லணும்?" என்றாள். கோபம் இல்லை. "சொல்லியாச்சு, விடு."

அடுத்த வருடம் மழைக்காலத்தில் அம்மாவுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. பதுளை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாள், ஆறாம் நாள் இல்லை. அக்காவால் வர முடியவில்லை. ஒப்பந்தம் முடிந்து அவள் வந்து சேர்ந்தபோது அம்மா போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

வந்த மறுநாள் காலை, பீலியடியில் குடம் நிறையக் காத்து நின்றோம். அக்கா என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்தக் கடைசி வெள்ளிக்கெழம அம்மா பேசிக்கிட்டே இருந்துச்சே. வாயி அசையிறது மட்டும் தெரிஞ்சுச்சு. ஊருக்கு வந்து ஒங்கிட்ட கேட்டுக்கலாம்னுதான் இவ்வளவு நாளும் இருந்தேன். நீ பக்கத்துலதான இருந்த? என்னடா சொல்லுச்சு?"

அன்று நான் திறந்த பெட்டிகளை எல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னால் இப்போதும் சொல்வேன். எந்தப் பொத்தானை எந்தப் பக்கம் தள்ளினேன், எந்தப் பெட்டி திறக்காமல் நின்றது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் இல்லை.

குடம் நிறைந்து வழிந்தது. அக்கா அதை எடுக்கவில்லை.

"அப்ப நீயும் கேக்கலையா?" என்றாள்.

இல்லை என்றேன்.