அங்கவஸ்திரத்தில் வடிந்த பெட்ரோல்

பேரையூர்க் கல்யாணத்துக்குப் போகும் வழியில், பஸ்ஸைத் தவறவிட்ட புரோகிதரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். கைக்கடிகாரத்தை அடிக்கடி காதில் வைத்துப் பார்க்கும் ஒல்லி மனிதர். நடுவழியில் வண்டி நின்றது.

"நாழியாறது சார். நான் போகாம தாலி ஏறாது."

"டாங்க்ல துரு சாமி. பெட்ரோலை வடிகட்டத் துணி வேணும்."

தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை உருவி, கையிலிருந்த செம்பின் வாயில் கட்டினார். வடிகட்டினேன். கார்புரேட்டரை ஊதினேன்; என் இஞ்சின் ஞானம் அவ்வளவுதான். பெட்ரோலைத் திருப்பி ஊற்றும்போது கால்வாசியை அவர் வேட்டிக்குக் கொடுத்தேன். வண்டி கிளம்பியது.

மண்டப வாசலிலும் வேட்டி மணத்தது.

"மாத்திக்கிட்டு உக்காருங்க சாமி."

"முகூர்த்தம் போயிடும். தள்ளி உக்காந்துக்கறேன்."

ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்தார். மாப்பிள்ளை நெய் ஊற்ற, ஓமத்தீ எழும்பியது. நான் அவர் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் பிசிறவில்லை. அன்று சொன்ன மந்திரத்தில் மணமக்களுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்றுதான் இன்றும் தெரியவில்லை.