மாமாவின் மீசையும் பார்லியின் மீசையும்

பார்லி பயிரிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. உமி நீக்காத விதையை விதைக்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. எங்கள் மாமா அங்கேயே தவறினார்.

அம்மாவின் தம்பி அவர். இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் பேர் வாங்கியவர். அதைவிடப் பேர் வாங்கியது அவருடைய மீசை. இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டு நின்றால், காலைப் பனிமூட்டத்திலும் அவர் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்திருப்பது தெரிந்துவிடும்.

அந்த வருடம் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பார்லி அவித்துக் குடிக்கச் சொன்னார்கள். அரிசிக்கே வரிசையில் நின்ற காலம். பார்லி எந்தக் கடையிலும் இல்லை. நோர்வூட் கடை முதலாளி டப்பாவின் அடியைத் தட்டி ஒரு கைப்பிடி கொடுத்தார். அதை அவித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். மாமா அதை விதைக்கப் போவதாக அறிவித்தார்.

“அவிச்சா ஒரு நாளைக்குத்தான் அக்கா. வெதச்சா வருசத்துக்கும் ஒனக்கு ஆகும்.”

“முட்டைக்கோவா போடுப்பா. நமக்குத் தெரிஞ்சத செய்யலாம்ல,” என்றார் அப்பா.

“எதப் போட்டாலும் வைகாசிக்குள்ள கையில வந்துறணும் மச்சான்.”

அப்பா மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார். எங்கள் பக்கம் தை மாதத்தில் விடும் மழை வைகாசியில் திரும்பி வந்துவிடும். அதைத்தான் மாமா சொல்கிறார் என்று நினைத்தேன்.

செய்தி பெரட்டுக்குப் போனது. அங்கே வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை, எல்லாரும் கேட்கும்படி சிரித்தார்.

“தேயில மலையில பார்லியா? வெளஞ்சா நான் எம்பேர மாத்திக்கிறேன்ப்பா. வெளையலேன்னா?”

“மீசைய எடுத்துர்றேன் ஐயா!”

அன்றிலிருந்து அந்த மீசையைப் பற்றிய கவலை என்னுடையதாயிற்று.

கடைப் பார்லி உமி நீக்கி, தீட்டி, மருந்துக்கென்று வந்தது. அது மண்ணுக்குள் ஊறியது, உப்பியது, அழுகியது. அம்மாவுக்கு முன்னால் எங்கள் பாத்திதான் பார்லிக் கஞ்சி குடித்தது. கணக்கப்பிள்ளை தன் மேலுதட்டைத் தடவிக் காட்டிக்கொண்டே எங்கள் வாசலைக் கடந்து போகத் தொடங்கினார்.

மாமாவின் கூட்டாளி ஒருவர் நுவரெலியாவில் பந்தயக் குதிரை லாயமொன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மாமா பஸ் ஏறிப் போய், இரண்டு காற்சட்டைப் பைகளும் புடைக்கத் திரும்பி வந்தார். குதிரைத் தீனி, உமியோடு முழுப் பார்லி. நோயாளிக்குக் கிடைக்காதது குதிரைக்குக் கிடைத்தது. லயத்துக்கும் லாயத்துக்கும் எழுத்தில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்.

இந்த முறை முளைத்தது. அதனால் வேறு தொல்லை வந்தது. பார்த்தவர்களுக்கு அது வெறும் புல். புல் பிடுங்குவதற்குத் தோட்டத்தில் ஆள் போட்டிருக்க, மாமா அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அத்தையால் பொறுக்க முடியவில்லை.

“ஏன் தம்பி, மொதல்ல மாட்ட வாங்கிட்டு அப்புறம் புல்லு வளக்குறதுதான மொற?”

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் பாத்தியோரம் உட்கார்ந்து கோழி விரட்டினேன், குருவி விரட்டினேன், அத்தையின் மாட்டை விரட்டினேன். ஒவ்வொரு தாளிலும் மாமாவின் மீசை ஒரு மயிரளவு இருப்பதாக எனக்குக் கணக்கு.

பங்குனியில் கதிர் வந்தது. ஒவ்வொரு மணிக்கும் நீளமாக, விறைப்பாக ஒரு மீசை. மாமா பாத்தியில் குந்தி ஒரு கதிரைத் தன் மூக்குக்குக் கீழே வைத்துக் காட்டினார்.

“பாருடா, எம் மீசைக்குச் சாட்சி சொல்ல மீசையே வந்துருக்கு!”

சித்திரை முடியுமுன் அறுத்தோம். கணக்கப்பிள்ளை ஒப்புக்கொள்ளவில்லை. “பார்லின்னா வெள்ளையா இருக்கும். நடுவுல கோடு இருக்கும். இது நெல்லுக்கு மீசை வச்ச மாதிரில்ல இருக்கு?”

அதில் ஒரு நியாயம் இருந்தது. டப்பாவுக்கு வெளியே பார்லியைப் பார்த்தவர் எங்களில் யாருமில்லை. அம்மா உரலைக் கொண்டுவந்தார். பார்லியின் உமி நெல்லின் உமியைப்போல எளிதில் விடாது. மாமாவும் அம்மாவும் மாறி மாறிக் குத்தினார்கள். கடைசியில் அம்மா ஒரு மணியைக் கணக்கப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“கோடு இருக்கு,” என்றார்.

பேரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. லயமே மாற்றி வைத்தது. ஓய்வு பெறும்வரை அவர் ‘பார்லி ஐயா’தான்.

மண்ணெண்ணெய்த் தகரம் நிறையப் பார்லி சேர்ந்தது. அம்மா அவித்த முதல் கஞ்சியில் பாதி உமி. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு இருமிக்கொண்டு வெளியே போனார். அம்மா முழுவதையும் குடித்தார். “நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் அட்டனுக்குப் போன மாமா மீசை இல்லாமல் திரும்பி வந்தார்.

எனக்கு அநியாயம் பொறுக்கவில்லை. மலைக்கே ஓடிப்போய்க் கணக்கப்பிள்ளையை மறித்தேன்.

“நீங்கதான தோத்தீங்க? அப்புறம் எதுக்கு எங்க மாமா மீசைய எடுக்கச் சொன்னீங்க?”

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

“நான் கேக்கலப்பா,” என்றார். “படத்துல மீச இல்லயாம். கப்பல்ல ஏத்த மாட்டாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்களாம்.”

படம் முந்தின வருடம் எடுத்தது. தாத்தாவின் சாவுக்கு மாமா மொட்டையடித்து மீசை எடுத்திருந்த சமயம், அட்டன் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட்டுக்கென்று பிடித்தது. தோட்டத்து ஆட்களை இந்தியாவும் இலங்கையும் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. தாத்தா இந்தியாவுக்கு மனுப்போட்டபோது மாமாவின் பேரையும் சேர்த்திருந்தார். அப்பா இங்கேயே இருக்க மனுப்போட்டிருந்தார். பின்னாளில் நானும் அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம் பார்த்து, அந்த விதிகளையெல்லாம் தேடிப் படித்தேன். மீசையைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. அவர் மீசையோடே போயிருக்கலாம்.

அன்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. வைகாசி பிறந்து மாமா ரயிலுக்குக் கிளம்பும்போது கேட்டேன்.

“மறுபடி மீச வளர எவ்வளவு நாளாகும் மாமா?”

“பார்லிய விட வெரசா வளந்துரும்டா.”

கணக்கு எளிதாக இருந்தது. அடுத்த தையில் மழை விட்டதும் பாத்தியைக் கொத்தி, விதைக்கென்று எடுத்துவைத்த பார்லியோடு போய் உட்கார்ந்தேன்.

“இந்நேரம் வளந்திருக்கும்லம்மா?”

“வளந்திருக்கும்,” என்றார் அம்மா. “நீயே வெதையப் போடு.”

விதை போடுவது மாமாவின் வேலை, கோழி விரட்டுவதுதான் என் வேலை என்று அம்மாவுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.