லிப்ட் பம்பைக் கழற்றிய வாரம்

எங்கள் டிராக்டர் இரண்டு கை மாறி வந்த பழைய வண்டி. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசி. சவுதி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் மெட்ராஸ் போனார். அவர் பஸ் ஏறிய மறுநாள் அரும்பாவூரில் நல்ல மழை. பருத்தி போட வேண்டிய கரிசல் காடு இரண்டே நாளில் உழவுப் பதத்துக்கு வந்துவிட்டது. பார்த்து அன்றைக்குத்தான் டிராக்டரில் கலப்பையைத் தூக்குகிற லிப்ட் மக்கர் செய்தது. எஞ்சின் ஓடியது, பின்னால் மாட்டிய கலப்பை தரையை விட்டு எழும்பவில்லை.

வண்டியை ஓட்டுகிற என் கொழுந்தன் மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு வந்தார். "பம்பு போயிருக்கும்ங்கிறாரு. நாளைக்கு வரேன்னாரு அண்ணி."

அந்த நாளையும் போயிற்று, மெக்கானிக் வரவில்லை. நான் காட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். மேல்மண் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

"தம்பி, நாமளே கழட்டுவோம்."

"அண்ணன் வந்தா என்னைத் தொலைச்சுப்புடுவாரு."

"நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க."

ஆயிலை டின்னில் வடித்தோம். சீட்டை எடுத்து, போல்ட்டுகளைக் கழற்றி, லிப்டின் கனத்த மேல்மூடியைக் கிணற்றில் நீர் இறைக்கும் கமலைக் கயிற்றில் கட்டி வேப்பங்கிளை வழியாக இழுத்தோம். பாதி எழும்பியதும் மூடி சாய்ந்தது.

"விட்டுறாதீங்க அண்ணி!"

கயிறு உள்ளங்கையை அறுத்தது. அவர் அடியில் கட்டையைச் செருகும்வரை நான் விடவில்லை.

பம்ப் அடியில், மிச்ச ஆயிலுக்குள் கிடந்தது. அதைச் சுழற்றுகிற தண்டைக் கொழுந்தன் பின்பக்கமாக உருவினார். பம்பை இருபுறமும் பிடித்திருந்த இரும்புப் பின்களில் ஒன்று வந்தது, மற்றது அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டார், தட்டினார், மறுபடி விட்டார். பொறுக்க முடியாமல் நான் சுத்தியலைப் பிடுங்கப் போனேன்.

"ஒடஞ்சா எல்லாம் போச்சு. செத்த இருங்க!" அவர் என்னை அதட்டியது அதுதான் முதல்முறை.

மத்தியானம் தாண்டித்தான் அந்தப் பின் கழன்று வந்தது. இருவருமாக உள்ளே கையை விட்டுப் பம்பைத் தூக்கி, சாக்கில் சுற்றி, பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினோம். "ஆயில் ஒழுகுது, கீழ வைக்காதீங்கம்மா" என்றார் கண்டக்டர். மடியில் வைத்துக்கொண்டேன்.

பட்டறைக்காரர் பிரித்துப் பார்த்தார். "வால்வு ஒடஞ்சிருக்கு. சாமான் திருச்சிலேருந்து வரணும். நாளன்னிக்கு வாங்க."

அந்த இரண்டு நாளும் எப்படிப் போயின என்று எனக்குத்தான் தெரியும். பம்பை வாங்கிவந்து மாட்டி, மூடியை இறக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா?"

"ஈரம் பொறுக்காதுங்க."

அவர் பையை வைத்துவிட்டு, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்த்தார். ஆயில் ஊற்றி எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் கலப்பை எழும்பியது. பள்ளக்காட்டில் மட்டும் பருத்தி போட்டோம். மேட்டுக்காடு காய்ந்துவிட்டிருந்தது.

சாப்பிடும்போதுதான் சொன்னார். "சவுதிக்கு என்னை எடுத்துட்டாங்க. அடுத்த மாசம் கெளம்பணும், ரெண்டு வருசம். நீ இருந்துக்குவியா?"

"இருந்துக்குவேன்" என்றேன். சொன்ன பிறகும் அன்று ஓரிடத்தில் உட்கார என்னால் முடியவில்லை.